உப்புத்தரையில் மார்வா டிங்கி

மார்வா டிங்கிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது என்று டுவில்லா ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது சரியல்ல. வெறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளுக்கு இருந்ததெல்லாம் அலுப்பு மட்டும்தான்.

பதினோரு வருட அலுப்பு. அவள் கணவன் ஆர்வல், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்னோவில் பக்கத்தில் ஒரு பீட்ரூட் பண்ணையில் கோழி அடைந்துகொண்டிருந்த 1929-ஆம் வருடத்து ஃபோர்டு கார்க் கூடு ஒன்றை அவன் இழுத்துக்கொண்டு வந்த நாளில் தொடங்கியது அது. வருடா வருடம் ஆகஸ்டில், காய்ந்த ஏரியின் உப்புத்தரையில் நடக்கும் வேகப் பந்தயத்தில் அதை ஓடவிட வேண்டும், அதே காலத்து நாலு சிலிண்டர் இன்ஜினைப் போட்டு மணிக்கு நூற்று முப்பது மைல் தொட வேண்டும் என்பது அவன் ஆசை. கூடு காரேஜுக்குள் போனது. மார்வாவின் வண்டி வெளியே வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பனிக்காலக் காலையிலும் அவள் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

அவள் வேலை பள்ளிப் பேருந்து ஓட்டுவது. இருபத்தேழு வருடம். அறுபத்து மூன்று வயதிலும், ஆள் வராத நாட்களில் மாற்று ஓட்டுநராகக் கூப்பிடுவார்கள். போய்விட்டு வந்து காலை நீட்டலாம் என்று உட்காருவாள். காரேஜிலிருந்து குரல் வரும்.

"மார்வா, ஒரு நிமிஷம் இதைப் பிடிச்சுக்கோயேன்."

அந்த ஒரு நிமிடம் ஒருநாளும் ஒரு நிமிடமாக இருந்ததில்லை. விளக்கைப் பிடித்தாள், குழாயைப் பிடித்தாள், அவன் பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். சூடேற்றிப் பொருத்த வேண்டிய உதிரிகள் அவள் அடுப்புக்குள் போயின. ஒரு நன்றித் திருநாளன்று வான்கோழியே கிரீஸ் வாசனை அடித்தது. ஓட்டுநரைச் சுற்றி வரும் இரும்புக் கூண்டை மூன்று முறை வெட்டி, மூன்று முறை கட்டினான். ஒவ்வொரு முறையும் இருக்கைக்குள் அவளை உட்காரவைத்துத்தான் அளவு பார்த்தான். தானே உள்ளே உட்கார்ந்துகொண்டு தானே எப்படி அளப்பது?

எல்லாம் முடிந்து தயாரான பிறகும் இரண்டு வருடம் ஓடவில்லை. ஆகஸ்ட் வந்தால் மழையும் வந்தது. உப்பு ஏரியாகி, பந்தயமே ரத்தானது. மூன்றாம் வருடம் உப்பு காய்ந்தது. காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நூறு மைல் மேற்கே வெண்டோவருக்கு வந்து சேர்ந்தார்கள். விடுதி அறைக் கட்டிலில் மார்வா செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள்.

"ஏன், உடம்பு சரியில்லையா?" என்றான் ஆர்வல்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு அது ஓடிடுச்சுன்னா நான் ஒரு வாரம் தூங்குவேன். எழுப்பாதே."

மறுநாள் காலை, பந்தயத்துக்கு முன் காரைப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றார்கள். அந்த உப்பில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும்கூட வெந்துபோகும். மார்வா அங்கெல்லாம் களிம்பு தடவிக்கொண்டு ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கூடாரத்தில் எல்கோவிலிருந்து வந்த லயனல் எச்சவெரியா இருந்தான். ஆட்டுப்பண்ணைக்காரன், பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். காரமான பன்றி இறைச்சி சொருகிய ரொட்டியை அவளுக்கு ஒன்று கொடுத்தான்.

"சாப்பிடு மார்வா. உன் புருஷன் இன்னைக்கு அந்தக் கோழிக்கூட்டைப் பறக்கவிடப் போறான்."

சோதனை செய்தவர் டெல்வின் ஸ்டாட். எழுபது தாண்டியவர், டுவில்லாவில் ஞாயிறு தோறும் அவர்களுடைய தேவாலயத்துக்கே வருகிறவர். ஆனால் உப்பில் அவருக்கு உறவு கிடையாது. கையில் பட்டியலோடு காரின் அடியில் புகுந்தார், கூண்டைத் தட்டிப் பார்த்தார், ஓட்டுநரை இருக்கையோடு கட்டும் வார்ப்பட்டைகளின் காலாவதித் தேதியைப் படித்தார், தீயணைப்புக் குப்பியின் ஊசியை ஆட்டிப் பார்த்தார். ஒரு போல்ட்டை மட்டும் மாற்றச் சொன்னார். ஆர்வல் அங்கேயே மாற்றினான்.

"இனி ஒண்ணுதான் பாக்கி," என்றார் ஸ்டாட். "உடுப்பு, தலைக்கவசம் எல்லாம் மாட்டிட்டு உள்ள உட்காரு. நான் சொன்னதும் யார் உதவியும் இல்லாம நீயா வெளிய வரணும். தீப்பிடிச்சா அங்க உன்கூட யாரும் இருக்க மாட்டாங்க."

ஆர்வல் உட்கார்ந்தான். "வா," என்றார் ஸ்டாட்.

வார்ப்பட்டை சட்டென்று கழன்றது. சன்னல் வலை விழுந்தது. அதற்கப்புறம் அவன் இடதுகை மேலே வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்தது. தோள் அதற்குமேல் தூக்க மறுத்தது. இரண்டு வருடம் முன்பு அறுவையில் மாற்றிய இடுப்பு மூட்டு ஒரு பக்கம், தேய்ந்த தோள் ஒரு பக்கம். காரை விட்டு வரப் பார்க்கிறவன் போலவே இல்லை, கிணற்றில் விழுந்தவன் போல இருந்தான். ஸ்டாட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கார் ஆடியதே தவிர ஆள் வரவில்லை.

"இன்னொரு தடவை," என்று உள்ளிருந்தே சொன்னான்.

இரண்டாம் தடவை பாதி வந்தான். மூன்றாம் தடவை தலைக்கவசம் கம்பியில் மாட்டிக்கொண்டது. லயனல் ரொட்டியை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். இழுத்துவிடப் போன மார்வாவை ஸ்டாட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆர்வல், நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன் இறுதிச் சடங்கு விருந்துல உருளைக்கிழங்கு சாப்பிட எனக்கு இஷ்டமில்லை."

மார்வா கைகொடுக்க ஆர்வல் வெளியே இறங்கினான். காரைத் தள்ளிக்கொண்டு வந்து கூடாரத்து நிழலில் விட்டான். உடுப்பை இடுப்புவரை இறக்கிவிட்டு விரிப்பின் மேல் உட்கார்ந்தான். முகம் உப்பைப் போலவே வெளிறியிருந்தது.

"நான் ஓட்டித் தரேன்னு சொல்லுவேன்," என்றான் லயனல். "ஆனா என்னை அதுக்குள்ள திணிக்கணும்னா வெண்ணெய் தடவணும். திரும்ப எடுக்கணும்னா அறுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. "ஏத்து," என்றான் ஆர்வல் மனைவியிடம். "வீட்டுக்குப் போகலாம்."

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் மார்வாவுக்குக் குளியல் தொட்டிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதற்காக அவள் பின்னால் வெட்கப்படவும் இல்லை. எழுந்து இரண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றினாள். மூன்றாவதைத் தூக்கும்போதுதான் வரப்போகும் நாட்கள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன. சமையலறை மேசை. எதிரே ஆர்வல், புலம்பிக்கொண்டு. அந்தத் தோள் மட்டும் வந்திருந்தால். அந்தக் கம்பியை இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருந்தால். ஒவ்வொரு சாப்பாட்டிலும், சாகும்வரை.

பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஓட்டறேன்."

"என்ன?"

"காது கேக்கலையா? நான் ஓட்டறேன். பதினோரு வருஷம் இதைக் கட்டறதைக் கேட்டாச்சு. ஓடாமப் போனதை இன்னொரு பதினோரு வருஷம் கேக்க என்னால ஆகாது."

"இது பஸ் இல்லடி."

"அறுபது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு, பனியில, மலை இறக்கத்துல இறங்கினவ நான். இதுல பின்னாடி எவனும் வாந்தி எடுக்க மாட்டான்ல?"

"இது என் கார் மார்வா."

"உன் கார்தான். யாரு இல்லேன்னா? ஆனா இருக்கை என் அளவு. மூணு தடவை என்னை வச்சுத்தானே அளந்தே."

 அவளை இருக்கைக்கு அளந்தது, கடையில் பொம்மைக்குச் சட்டை போட்டுப் பார்ப்பதுபோலத்தான். அதில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது ஆர்வலுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. உடுப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

உடுப்பு இடுப்பில் மடிப்பு விழுந்தது, மற்றபடி சரியாக இருந்தது. ஸ்டாட் தேவாலயத்து வழக்கப்படி "வாங்க சிஸ்டர் டிங்கி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வெளியே நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "இன்னொரு தடவை பண்ணுங்க, நான் சரியாப் பார்க்கலை" என்றார். மறுபடியும் வந்தாள். மாற்று ஓட்டுநர் வேலைக்காக எடுத்த மருத்துவச் சான்று கைப்பையிலேயே இருந்தது. புது ஓட்டுநர்களுக்கான கூட்டத்தில் இளவட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். அவர்களோடு ஒரு லாரியில் ஏறித் தடம் முழுவதும் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்டாட் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குப் பதினோரு மணிக்குத்தான் முறை வந்தது. அந்த வயதான இன்ஜினால் தானாகக் கிளம்ப முடியாது. காரை இழுத்துவந்த லாரியே பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். அந்த லாரியை ஓட்டுவதுதான் மார்வாவின் வேலை என்று பதினோரு வருடமாகப் பேச்சு. இப்போது ஆர்வல் அதில் ஏற வேண்டும். ஏறுமுன் அவள் வார்ப்பட்டைகளை அவனே இறுக்கினான். 

"ரொம்ப இறுக்கிட்டேனா?"

"மூச்சு விட முடியுது. போ."

"மார்வா, வேணாம்னா..."

"போடா கிழவா, வெயில் ஏறுது."

லாரி தள்ளியது. கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். இன்ஜின் இருமி, பிடித்தது. பிறகு அவள் தனியாக இருந்தாள்.

இறக்கை முளைத்த மாதிரி ஒன்றும் அவளுக்கு இல்லை. வேலையாக இருந்தது, அவ்வளவுதான். ஈரப்பனியில் பேருந்து வழுக்குவதுபோல பின்பக்கம் மெதுவாக அலைந்தது. அதோடு மல்லுக்கட்டாமல் கையைத் தளர விட்டாள். இடதுபக்கம் தடத்தைக் காட்டும் கறுப்புக் கோடு ஓடியது. உப்புக் கற்கள் தரைத்தகட்டில் பாப்கார்ன் பொரிவதுபோல வெடித்தன. தூரத்து மலைகள் நகரவே இல்லை. மைல் பலகைகள் மட்டும் வந்து வந்து போயின. கடைசிப் பலகை போனதும் காலை எடுத்து, ஓரமாகத் திருப்பி நிறுத்தி, வலையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெள்ளை. ஒரு சத்தமும் இல்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக யாரும் அவளை எதையும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆர்வல் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

வேகம் நூற்று நாலு. மாலையில் ஓடியபோது நூற்றுப் பத்தொன்பது. ஆர்வல் வேகம் குறித்த அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை படித்தான். லயனல் கூடாரம் கூடாரமாகப் போய், "கோழிக்கூடு முட்டை போட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அதற்கு மறுநாள் மூன்றாவது ஓட்டம். நூற்று முப்பது வரும் என்று ஆர்வல் நம்பினான். காற்றில்லை, உப்பும் இறுகியிருந்தது. இரண்டாவது மைல் பலகையைத் தாண்டும்போது கார் முன்னெப்போதையும்விட வேகமாகப் போனது. அப்போது மார்வாவின் குதிகாலுக்கு அடியில் ஏதோ மாறியது. சத்தம்கூட அல்ல, ஒரு துடிப்பு. காலை எடுத்து, இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டினாள்.

ஆர்வல் லாரியிலிருந்து நொண்டியபடியே ஓடி வந்தான். "ஏன் காலை எடுத்தே? நல்லாத்தானே போச்சு! இன்னும் ஒரு மைல்! ஒரே ஒரு மைல் மார்வா!"

"எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்கலையா? பிடிக்கலைன்னா என்ன அர்த்தம்? நூத்து முப்பது வந்துக்கிட்டிருந்துச்சுடி!"

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.  கூடாரத்துக்கு வந்ததும் ஆர்வல் கோபத்தோடேயே இன்ஜினின் அடித்தட்டைக் கழற்றினான். அவள் தவறை நிரூபிக்கத்தான் கழற்றினான். அரைமணி நேரம் கழித்து ஒரு சிறிய இரும்பு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். பிஸ்டன் தண்டை அச்சோடு பிடித்திருக்கும் மூடி. அதன் ஒரு போல்ட் பாதிக்குமேல் விரிசல் விட்டிருந்தது. இன்னும் சில நொடி போயிருந்தால் தண்டு இன்ஜினைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கும், சூடான எண்ணெய் அவள் காலடியில் கொட்டியிருக்கும்.

அதை லயனலிடமும் காட்டவில்லை. அவள் எதிரே விரிப்பில் உட்கார்ந்தான்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இருபத்தேழு வருஷம் நீ ரிப்பேர் பண்ணின பஸ்ஸைத்தானே ஓட்டினேன். உன் வேலை எப்போ கைவிடும்னு எனக்குத் தெரியாதா?"

ஆர்வல் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. தொப்பியை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டான். மார்வா ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு ரூட் பியர் சோடாவை எடுத்து அவன் முழங்காலில் வைத்தாள்.

மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். ஆர்வல் ஓட்டினான். நெடுஞ்சாலை ஏறியதும் கேட்கத் தொடங்கினான். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுத்தது? கியர் மாற்றும்போது கை கூண்டில் இடித்ததா? நூறு தாண்டினால் மூக்கு தூக்கியதா? அந்த மலை, தூரத்தில் மிதக்குமே, உள்ளிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்தது? அவளுக்குக் கழுத்து வெந்திருந்தது, கண் சொருகியது. ஆனாலும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சிலவற்றை இரண்டு முறை சொன்னாள். வழியில் டெல் என்ற ஊரைத் தாண்டியபோது ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போனாள். அவன் எழுப்பவில்லை.

சனிக்கிழமை முழுவதும் உப்பைக் கழுவினார்கள். போல்ட் இடுக்கெல்லாம் அது சிமென்டாக இறுகியிருந்தது. காருக்கு அடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். அவள் குழாயால் தண்ணீர் பீய்ச்ச, அவன் தகட்டைச் சுரண்டினான். அடுத்த வருடத்துக்கு என்ன செய்யலாம் என்று அவன் ஆரம்பித்தபோது, முதலில் இந்த வருடத்தைக் கழுவி முடி என்றாள் அவள். உப்புத்தண்ணீர் அவள் காதுக்குள் வடிந்தது. திங்கட்கிழமை மாற்று ஓட்டுநராக வரச்சொல்லிப் பள்ளியிலிருந்து தகவல் அனுப்பியிருந்தார்கள்.