ப்ளோட்டினஸுக்குப் படம் பிடிக்காது

போட்டோகிராபர் தொழிலில் மழை, வெயில், அழுகிற குழந்தை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். "எனக்குப் படமே வேண்டாம்" என்கிற ஆளைச் சமாளிக்கவே முடியாது. அரங்கேற்றம், கல்யாணம், பாஸ்போர்ட் போட்டோ என்று கேமராவோடு அலையும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். கலிபோர்னியாவில், மில்பிடாஸில் நான் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சுந்தரேசன் அங்கிள் மாதிரி ஒருத்தர் மாட்டியதில்லை.

லைசன்ஸில் இருக்கிறது

அவருடைய மனைவி வசந்தா ஆன்ட்டிதான் கூப்பிட்டார். அங்கிளுக்கு எழுபது, லிவர்மோர் கோயிலில் பீமரத சாந்தி, படம் எடுக்கணும். பேச வீட்டுக்குப் போனேன். அங்கிள் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்துவிட்டு, முடியாது என்றார்.

ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் ப்ளோட்டினஸ் பைத்தியம். எகிப்தில் பிறந்து ரோமில் பாடம் சொன்ன பழங்கால ஞானி. கொண்டாடிவிடுவார்களோ என்று பிறந்த நாளையே சொல்லாத மனுஷராம். படம் வரையவும் உட்கார மாட்டாராம். இந்த உடம்பே ஒரு நிழல், நிழலுக்கு நிழல் எதற்கு என்பாராம். ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் சொல்லலை, சரி. உங்க தேதி டிரைவர்ஸ் லைசன்ஸ்லயே இருக்கே!"

தூணுக்குப் பின்னால்

அங்கிள் பூஜைக்கு ஒத்துக்கொண்டார், படத்துக்கு இல்லை. நான் கேமராவைத் தூக்கினால் மாலையும் கழுத்துமாகத் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். எனக்கு வந்ததே கோபம்! முன்னூறு படம் எடுத்தேன், ஒன்றிலும் அவர் முகம் கிடையாது.

சாப்பாட்டில் அதே மனுஷர் என் பக்கத்தில் உட்கார்ந்து, புளியோதரையை மறந்துவிட்டுப் பேசினார். நம்ம ஊர் ஞானத்தைப் படிக்கணும் என்று ப்ளோட்டினஸ் ஒரு ராஜாவின் படையோடு கிளம்பினாராம். படை பாதியில் சிதறி, உயிர் தப்பித் திரும்பினாராம். இந்தியாவுக்கு வரவேயில்லை. ஆனாலும் எல்லாம் ஒன்றிலிருந்து வந்து அந்த ஒன்றுக்கே திரும்புகிறது என்று அவர் சொன்னது, கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என்று எல்லார் ஞானிகளையும் போய்த் தொட்டதாம். சொல்லும்போது அங்கிளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எதிரே இருந்த பேத்தி மட்டும் விடவில்லை: "தாத்தா, யூ ஆர் ஹைடிங் ஃப்ரம் யுவர் ஓன் பார்ட்டி!"

வேண்டாத மூஞ்சி

ஆல்பம் வாங்க ஆன்ட்டி தனியாக, டாக்ஸியில் வந்தார். ஒவ்வொரு படத்தையும் மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார். ஏன் ஆன்ட்டி என்றேன். கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கும் இடத்தில் மங்கலாம். பெரிய படமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தெரியும், அதனால்தான் அங்கிளைப் படம் எடுக்கச் சொன்னாராம். அங்கிளிடம் கண் கொஞ்சம் மங்கல் என்று பாதிதான் சொல்லியிருக்கிறார்.

மீதியை நான் சொல்லட்டுமா என்று துடித்தேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்: "சொன்னா ஓடி வந்து உக்காந்துடுவார். பரிதாபத்துல வர்ற மூஞ்சி எனக்கு வேண்டாம்மா."

கதவு உயரத்துக்கு

சத்தியத்தை மீறவில்லை. அங்கிளுக்குப் போன் போட்டு, கடைசி வரை ப்ளோட்டினஸுக்குப் படமே இல்லையா என்று மட்டும் கேட்டேன். இருந்தது என்றார். கூட இருந்த ஒருத்தர் ஒரு ஓவியரை வகுப்புக்குக் கூட்டி வந்தாராம். ஓவியர் பார்த்துப் பார்த்து மனசில் வாங்கி வரைந்தாராம். ஞானிக்கே தெரியாதாம். "அவருக்கு வேண்டாம், சரி. கூட இருந்தவங்களுக்கு வேண்டியிருந்திருக்கே, அங்கிள்?" என்றேன். சனிக்கிழமை கடை உண்டா என்று கேட்டார்.

சனிக்கிழமை பட்டு வேட்டியில் வந்து நின்றார், ஆன்ட்டியோடு. ப்ளோட்டினஸ் கதை சொல்லச் சொல்லி, அவர் சிரிக்கச் சிரிக்க எடுத்தேன். பிரின்ட் கதவு உயரத்துக்கு வந்தது. வாங்க வந்த அன்று, ஏன் இவ்வளவு பெருசு என்று அங்கிள் கேட்டார். அப்போதுதான் ஆன்ட்டி முழுசையும் சொன்னார்.  அங்கிள் ஆன்ட்டியைத் தோளில் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆன்ட்டி நெற்றியிலிருந்து மோவாய் வரை நிதானமாகப் பார்த்தார்.  அப்புறம் சொன்னார்: "ஐயய்யோ, காதுல இவ்ளோ முடியா! முன்னாடியே தெரிஞ்சிருந்தா ட்ரிம் பண்ணி விட்டிருப்பேனே!"

நிழலுக்கு நிழல் எடுத்துப் பிழைக்கிறவள் நான், ப்ளோட்டினஸ் மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆன்ட்டிக்கு முகம் தெரிந்தது.