ஆஷாடத்துக்கு முன் ரெண்டு படுக்கை

எங்கள் தொழிலில் ‘வேலை முடிஞ்சது’ என்று யாராவது சொன்னால், உடனே கேட்க வேண்டியது ‘யாரோட வேலை?’ என்பதுதான். ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்த காலத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை. ப்ரோக்ராம் மேனேஜர் ஆன பிறகு அதையே தினமும் கேட்டுக் கத்துகிறேன். இந்த நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக, இந்தத் தெலுங்கு ஊரில், ஹப்சிகுடா பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டர் திறந்த கதை.

மூணு பேரும் பாஸ்

சென்டருக்கு மூன்று ப்ராஜெக்ட். கட்டடம் இக்பால் பாய் பொறுப்பு. தண்ணீரைச் சுத்திகரிக்கிற ப்ளான்ட் வெங்கட்டுடையது. டயாலிசிஸ் மெஷின்கள் ஷாலினியுடையவை. மூவரையும் கட்டி மேய்ப்பது நான். படித்தது டிப்ளமோ; மிச்சத்தையெல்லாம் சைட்டில் திட்டு வாங்கியும் திட்டியும் கற்றுக்கொண்டேன். முதல் மீட்டிங்கில் மூவருமே பச்சைக் கட்டம் காட்டினார்கள். எல்லாம் தேதிப்படி நடக்கிறதாம். எனக்கும் சந்தோஷம்தான்.

வெளியே வந்தால் கேட்டருகே தனலட்சுமி டீச்சர் நிற்கிறார். ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்க்காரர்; வீடு ரெண்டு தெரு தள்ளி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, மகனின் முதுகில் சாய்ந்தபடி பைக்கில் திரும்புகிறவர். அவர் சொன்னார்: “உங்க ஆளுங்க மூணு பேரையும் தனித்தனியாக் கேட்டேன். மூணு பேரும் முடியப்போவுதுங்கறாங்க. நான் எப்ப வந்து படுக்கலாம்னு கேட்டா மட்டும் ஒருத்தருக்கும் தெரியல.”

நடுவில் இருக்கிற சுவர்

மறுநாள் வார்டுக்குள் போய் என் கண்ணால் பார்த்தேன். வெங்கட்டின் சுத்தத் தண்ணீர்க் குழாய் வார்டுச் சுவர் வரைக்கும் வந்து நிற்கிறது. ஷாலினியின் மெஷின் படுக்கைத் தலைமாட்டில் இருக்க வேண்டிய குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கும். சுவரிலிருந்து தலைமாட்டுக்குத் தண்ணீர் எப்படி வரும்? அந்தக் குழாய் மூவர் ஒப்பந்தத்திலும் இல்லை. ‘என்னுது சுவரோட சரி’ என்கிறான் வெங்கட். ‘என்னுது தலைமாட்டிலிருந்துதான்’ என்கிறாள் ஷாலினி. இக்பால் பாய் அதற்குள் சுவருக்குப் பெயின்ட்டே அடித்துவிட்டார்.

போட்டேன் ஒரு சத்தம். ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்திருந்தால் நானும் அதே பதிலைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன் என்பது வேறு விஷயம். இக்பால் பாய் அசரவில்லை. “கைக்கு, எதுக்கு சத்தம் போடறீங்க மேடம்? நாங்க மூணு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கோம். சென்டர் மட்டும்தான் தப்பாயிருக்கு.”

எங்க ஆடி, அவங்க ஆஷாடம்

குழாய் போட வேண்டும். அப்புறம் தண்ணீரை லேபுக்கு அனுப்பி நல்ல ரிப்போர்ட் வாங்க வேண்டும். கணக்குப் போட்டால் ஆடி பிறப்பதற்குள் திறந்துவிடலாம். எங்கள் கஸ்டமர், சென்டரின் சொந்தக்காரர் டாக்டர் பத்மஜா நாள் நட்சத்திரம் பார்ப்பவர் என்று தெரிந்து, நான் பெருமையாகப் போட்ட தேதி அது. எங்கள் சென்னை ஆபீசும் ‘பலே’ என்றது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான்; ஆனால் வீட்டில் தொங்குவது தமிழ்க் காலண்டர்.

டாக்டர் சென்னையில் படித்த தெலுங்குக்காரர், தமிழ் சரளமாக வரும். தேதி போட்ட என் தாளைப் பார்த்துச் சிரித்தார். இவர் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் டீச்சருக்கு இன்னும் ஒரு மாதம் பைக் சவாரி. “உங்க ஆடி வேற, எங்க ஆஷாடம் வேற மேடம். நீங்க சொல்ற தேதிக்குள்ள எங்களுக்குப் பாதி ஆஷாடம் ஓடியிருக்கும். அதுல நான் கதவைத் திறக்க மாட்டேன். இனி அது முடிஞ்சு ஸ்ராவண மாசத்துலதான்.”

பேரம்

பேரம் பேசாமல் நான் கத்திரிக்காய்கூட வாங்கியதில்லை. “எல்லாப் படுக்கையும் வேண்டாம் டாக்டர். ஆஷாடத்துக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு படுக்கை. அதுல ஆரம்பிச்சிட்டா, மிச்சம் ஸ்ராவணத்துல” என்றேன். தண்ணீர் ரிப்போர்ட் சுத்தமாகக் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

ரெண்டு படுக்கைக்குக் குழாய் போட ஆள்? இக்பால் பாயின் பிளம்பர்கள்தான். அவர்களோ ரிசப்ஷனில் மேலே போகிற குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால்தான் அவர் சீலிங் போட முடியும். ஆளை எடுத்தால் அவர் ப்ராஜெக்ட் தாமதம் என்று பதிவாகும். “நக்கோ மேடம், முடியாது” என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். சாயா வந்தது, குடித்தோம், மறுபடி கத்தினோம். என் பிளம்பர் மேல் எவனாவது கை வைத்திருந்தால் அந்தக் காலத்தில் நானும் இப்படித்தான் எகிறியிருப்பேன். தாமதம் என் முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றதும் இறங்கி வந்தார். “எடுத்துக்குங்க. ஆனா என் ப்ராஜெக்ட் சிவப்பாகி உங்க ப்ரோக்ராம் பச்சையாவுது பாருங்க, இது எந்த ஊர் நியாயம் மேடம்?”

திறப்பு விழா

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. ஆஷாடம் பிறப்பதற்கு முன் டாக்டர் தேங்காய் உடைத்தார். முதல் ஆளாக டீச்சர், மகனோடு. ரிசப்ஷனில் உட்கார வைத்தோம். தலைக்கு மேலே சீலிங் இல்லை, வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இக்பால் பாய்க்கு மானம் போனது போல் ஆகிவிட்டது. டீச்சர் எதிரே போய், சீலிங் வேலை நின்றது தன்னால் அல்ல, மேடம்தான் ஆளைப் பிடுங்கிக்கொண்டார் என்று என்னைப் போட்டுக்கொடுத்தார். டீச்சர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. “வயர் தொங்கினா தொங்கட்டும் பாய். நான் வீட்டிலேருந்து நடந்து வந்திருக்கேன், அதைப் பாருங்க.”

கடைசி அறிக்கையில் ஒரே ஒரு ப்ராஜெக்ட் தாமதம் என்று இருந்தது; அதைத் தாமதமாக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறீர்கள் என்று சென்னை ஆபீசுக்கு இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.