கல்லுக்கு எத்தனை போட்டோ!

சித்தப்பா கல்யாணத்தில் என்னை ஒருவரும் தனியாகப் போட்டோ எடுக்கவில்லை. எட்டு வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. புதுப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, எல்லாம் வீண்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமாவின் பைக்கில் ராஜபாளையம் திரும்பினேன். மாமா, என் அம்மாவின் தம்பி, பட்டாளத்துக்காரர். மற்றவர்கள் லீவில் வந்தால் பெண் பார்க்கப் போவார்கள். இவர் இடிந்த மண்டபம் பார்க்கப் போவார். அன்றும் மடவார் வளாகம் தாண்டி ரோட்டை விட்டு விலகி, சோளக்காட்டு ஓரத்தில் பாதி சரிந்து நின்ற கல்மண்டபத்தில் வண்டியை நிறுத்தினார்.

ஒரு தூணில் மட்டும் பழைய எழுத்து இருந்தது. மாமா அதைத் தேங்காய் நாரால் தேய்த்து, சாக்பீஸ் பொடி பூசினார். எழுத்து வெள்ளையாகத் தெளிந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது; தெரிந்தவர்களிடம் காட்டப் படம் வேண்டும். ஆனால் மற்ற தூண்களை எடுத்தே போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

“கல்லுக்கு எத்தனை போட்டோ! எனக்கு ஒண்ணுகூட இல்ல.” ஓடிப்போய் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

“ஏட்டி, செத்த நேரம் தள்ளி நில்லு தாயி. சார்ஜ் போகப் போகுது.”

“போகட்டும். என்னைய எடுங்க.”

என் அழுகைக்கு முன்னால் பட்டாளம் தோற்றது. ஒரே ஒரு படம் எடுத்தார், போன் அணைந்தது. “அடுத்த லீவுல பாத்துக்கிறேன்,” என்றார். மறுநாள் ரயிலேற வேண்டியவர்.

அடுத்த லீவில் மண்டபம் இல்லை. சோளக்காடு பிளாட்டாகி, மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். விசாரித்த மாமாவிடம், “இடிஞ்ச கல்லுதான சார், ஜேசிபிய விட்டுத் தள்ளியாச்சு,” என்று பிளாட் விற்கிற ஆள் பல்லைக் காட்டினானாம். இடிந்த கல்லாம்! எத்தனையோ தலைமுறை நின்றதை ஒரு காலைப் பொழுதில் தள்ளிவிட்டு, அந்த மண்டபத்தின் பெயரையே பிளாட்டுக்கு வைத்து போர்டு வேறு. வெட்கங்கெட்டவர்கள்.

அந்த எழுத்துக்கு மிஞ்சியது என் படம் மட்டும்தான். பல வருஷம் கழித்து, போன மாதம்தான், கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் நானும் மாமாவும் அதைக் கொண்டுபோனோம். என் தலைக்கு மேலே தெரிந்த வரிகளைப் பெரிதாக்கி வாசித்தார். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வார்க்க ஒரு பெண் தன் நிலத்தைக் கொடுத்திருக்கிறாள்.

“அவங்க பேரு அடுத்த வரியில இருக்கணும்,” என்றார்.

அடுத்த வரியில் நான் நிற்கிறேன், பூவும் பட்டுமாக. அந்த இடத்தில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.