அளவைச் சத்தமாகச் சொன்னவள்

என் அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை என்றால் எங்கள் வட்டாரத்தில் அவள் கடைதான். நான் அவளுடைய தங்கை. கடையில் கணக்கெழுதுவது, பட்டன் வைப்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. டேப்பை வைத்ததும் அக்கா அளவைக் கணீரென்று சொல்வாள். நான் அதையே திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவேன். தைத்துக் கொடுத்த துணி ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு.

பள்ளி திறக்கிற வாரம், கடை கொள்ளாத கூட்டம். வரிசையில் அக்காவின் மகளும் நின்றாள். பதினொரு வயது. அவளுக்குப் பின்னால் வகுப்புப் பிள்ளைகள். மற்றவர்களுக்குச் சொல்வது போலவே அக்கா, "இடுப்பு முப்பத்திரண்டு" என்றாள். பாழாய்ப்போன நானும் "முப்பத்திரண்டு" என்று கத்தினேன். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். குழந்தையின் முகம் சுண்டிப்போனது. எங்களுக்கோ அது உறைக்கவே இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

அன்றிலிருந்து அவள் யார் கண்ணெதிரிலும் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்பாள். பள்ளிக்குக் கொண்டுபோன டப்பா மட்டும் காலியாக வந்ததால் நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. சாப்பாடு முழுக்கப் பக்கத்து பெஞ்சுக்குப் போயிருக்கிறது. இவள் அன்று வகுப்பிலேயே மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா பதறாமல் பேசினார். எடை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வளர்கிற உடம்பைப் பட்டினி போடக் கூடாது. இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் கூடக்கூடச் சரியாகும் என்றார். மூன்று வேளையும் சாப்பாடு, தட்டில் பாதி காயும் பழமும், பாட்டில் பானத்துக்குப் பதில் தண்ணீர், தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட்டு. இது பிள்ளைக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே என்றவர், அக்காவைப் பார்த்து நீங்கள் எவ்வளவு நடப்பீர்கள் என்று கேட்டார். நாள் முழுக்க மெஷின் மிதிக்கிறேன் என்றாள் அக்கா பெருமையாக. மோட்டார் மாட்டி ஆறு வருடமாகிறது என்று நான் போட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளை எதிரில் உட்காரவைத்தாள்.

"உன் உடம்புல ஒரு தப்பும் இல்லடி. தப்பு என் வாயில."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் அக்கா ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆளா? மறுநாளே ஃபிரிட்ஜிலிருந்த பாட்டில்களைக் காணோம். அக்காவின் வீட்டுக்காரர் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டும் போயிற்று. மனிதர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். எல்லாரும் ஒரே மேசையில் ஒரே சாப்பாடு. மகள் மட்டும் இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். ஓடி விளையாடு என்றால், எல்லாரும் பார்ப்பார்கள் என்று மறுத்தாள்.

அப்போதுதான் அக்கா, தனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொடு என்று மகளிடம் கேட்டாள். மாலையில் கடையை என் தலையில் கட்டிவிட்டு மைதானத்துக்குப் போவார்கள். அக்கா ஓட்டுகிற லட்சணத்தைச் சொல்லி மாளாது. மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். ஊரையே அதட்டும் அக்காவை அதட்ட அவளுக்கு ஒரு வாய்ப்பு, சும்மா விடுவாளா?

பன்னிரண்டாம் நாள் நானும் போயிருந்தேன். அவள் சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுவிட்டாள். அக்கா பாதி மைதானம் ஜம்மென்று போய், திரும்பிப் பார்த்து, தடாலென்று விழுந்தாள். மகள் அவ்வளவு தூரமும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி அவள் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, பயங்கரமா பசிக்குது. என்ன இருக்கு?"

அக்காவின் காலில் ரத்தம். அதைக்கூடப் பார்க்காமல் பையிலிருந்த டப்பாவைத் திறந்தாள். அவித்த முட்டையும் கொய்யாத் துண்டுகளும் இருந்தன. அத்தனை பேருக்கும் முன்னால் மகள் ஒரு முட்டையை முழுசாகத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கால் வலிக்குதாம்மா?"

"ஆமாடி, ரொம்ப வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே அக்கா அடுத்த முட்டையை உரித்தாள்.