ஊதா மூடியும் நாலு கேள்வியும்

எங்க ரத்தப் பரிசோதனைக் கூடத்துல பதினெட்டு வருஷமா ரத்தம் எடுக்கிறவங்க ஊசியக்கா. குத்தி முடிச்சப்புறம்தான் குழந்தைங்க "எப்பக் குத்துவீங்க?"ன்னு கேக்கும். கை அப்படி. வாய்தான் கிடையாது. வர்ற எல்லார்கிட்டயும் நாலே கேள்வி. பேரு? வயசு? வெறும் வயிறா? கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? பக்கத்துலயே வரவேற்பு மேசையில உட்கார்ந்து நாள் பூரா வளவளக்கிறவ நான். என்னாலயே அவங்க வாயைப் பிடுங்க முடியலைன்னா பார்த்துக்கோங்க.

கல்யாணம் பண்ணிக்கலை. அம்மா போனப்புறம் மாடியில ஒத்தை அறை. ஒரு தடவை மழைக்கு ஒதுங்கி அங்க போனேன். இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தள்ளிட்டு, நான் கிளம்புற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. அந்த அறையில ஓயாமப் பேசுறது செல்போன் மட்டும்தான். அதுல 'வீட்டு மகாராணி'ன்னு வீடியோ போடுற ஒரு அம்மணி. சர்க்கரை வியாதிக்கு அவளே விக்கிற பொடி, மாசச் செலவுக்கு யோசனை, ரெண்டையும் சேர்த்து அளந்து விடுவா. "கண்ணுகளா, வீட்டுச் செலவுல முதல்ல வெட்ட வேண்டியது மருந்துக் கடைதான்!" எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"இந்தப் புளுகையா அக்கா பார்க்கிறீங்க?"

"அவளுக்காகப் பார்க்கலை. அங்க ஒரு பொண்ணு இருக்கா."

பேக்கரியில வேலை பார்க்கிற பொண்ணு. நேர்ல பார்த்ததே இல்லை. இருபத்தாறு வயசுலயே சர்க்கரை. வீடியோவுக்குக் கீழே ஆரம்பிச்ச பேச்சு, தனி மெசேஜா தினமும் ஓடிச்சு. இன்னிக்கு எந்த கேக் கருகிச்சு, எந்த ஆள் சில்லறைக்குச் சண்டை போட்டான், எல்லாம் எழுதுவா. அக்காவைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுவா. மதியம் சாப்பிடும்போது அதைப் படிச்சு அக்கா தனியாச் சிரிச்சுக்குவாங்க.

ஒரு நாள் எழுதினா: "பெரியம்மா, மாத்திரையை விட்டுட்டேன். அதுக்குப் பதிலாப் பொடி வாங்கிட்டேன்."

அக்கா பாதிச் சோத்தோட டப்பாவை மூடிட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் மகாராணி நேரலையில வந்தா. ரத்தம் எடுத்து வச்ச சின்னக் குழாய் ஒண்ணைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, நம்ம பொடியால வெறும் வயித்துச் சர்க்கரை, தொண்ணூத்திரெண்டுதான்!"ன்னா. அக்கா கண்ணு போனது மூடிக்கு. அந்தச் சோதனைக்கு நாங்க சாம்பல் மூடிக் குழாய்லதான் எடுப்போம். அவ கையில இருந்தது ஊதா, வேற சோதனைக்கானது. பதமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனா அக்காவுக்குத் தெரிஞ்ச பேச்சுதானே வரும்? நேரலைக்குக் கீழேயே தட்டிட்டாங்க: "இது யார் ரத்தம்? பேரு? வயசு? வெறும் வயிறா? கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? வெறும் வயித்துச் சர்க்கரைக்கு ஊதா மூடி எதுக்கு? உங்க பொடி மாத்திரையைவிட மூணு மடங்கு விலையாச்சே, இதுல எங்க மிச்சம்?"

போலீஸ்காரன்கூட இப்படி விசாரிக்க மாட்டான். மகாராணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நான் நல்லா இருக்கிறது சிலருக்குப் பொறுக்கலை"ன்னா. அவ்வளவுதான், நானூறு பேர் அக்காவைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. அதெல்லாம் அவங்களுக்கு உறைக்கவே இல்லை. பொண்ணு தனியா எழுதினதுதான் குத்திடுச்சு: "நீங்க இப்படிப் பொறாமை பிடிச்சவங்கன்னு நினைக்கலை. இனிமே எனக்கு எழுதாதீங்க."

"ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க அக்கா, அவளாவது பேசுவா"ன்னு நான்தான் புத்தி கெட்டுச் சொன்னேன்.

"மன்னிப்புக் கேட்டா நான் சொன்னது பொய்னு ஆயிடும். அப்புறம் அவ மாத்திரையைத் தொடவே மாட்டா."

ஆறு வாரம். போனைக் கவிழ்த்து வச்சுட்டுத்தான் சாப்பிட்டாங்க. தினமும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமையாவது அந்த மாடிப்படி ஏறினேனா? துணி துவைக்கணும், பிள்ளைங்களைப் பார்க்கணும்னு ஆயிரம் சாக்கு. வெட்கமாத்தான் இருக்கு.

போன வாரம் போன் சிணுங்கிச்சு. அந்தப் பொண்ணுகிட்டேருந்து ஒரு படம். புது மாத்திரை அட்டை, அதுல ரெண்டு குழி காலி. கூட ஒரு எழுத்து இல்லை. அக்கா விரலால பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. கண்ணுல தண்ணி கொட்டுது.

"ஐயோ, ஏதாவது எழுதுங்க அக்கா!"

தட்டினாங்க. அழிச்சாங்க. மறுபடி தட்டினாங்க, மறுபடி அழிச்சாங்க.

"வேணாம்மா. நான் ஏதாவது எழுதப் போய், அந்தக் கோபத்துல மாத்திரையை மறுபடி விட்டுட்டான்னா?"