நாலு சுத்து அக்கா

எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் அக்கா ஜன்னல் கம்பியை ஒரு முறை தொட்டுக்கொள்கிறார். புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு தாங்களும் கொஞ்சம் பயபக்தியோடு நிற்பார்கள். "சாமியெல்லாம் இல்லீங்க. உடம்புல இருக்கற கரண்ட் இறங்கணும். இல்லேன்னா உங்க ரேம் போயிடும்" என்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றுவார். ஒவ்வொன்றும் பழைய ஐஸ் தட்டின் ஒவ்வொரு குழியில் போய் விழும். எந்தக் குழியில் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று அந்தத் தட்டை நகர்த்திவிட்டு, அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரே அறையை நடுவில் ஓர் அலமாரி வைத்து நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பக்கம் அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர். இந்தப் பக்கம் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் என் வேலை. பொதுவில் உள்ளவை ஒரு கெட்டிலும் ஒரு மேசை விசிறியும். கெட்டிலால் சண்டை வந்ததில்லை. விசிறியால் தினமும் வரும். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இருந்தாற்போல் இருந்து உடம்பு கொதிக்கிறது, நெற்றியில் வேர்த்துக் கொட்டுகிறது. அதனால் காற்று அவர் மேசைக்குத்தான். "நீங்க பேப்பரோட வேலை செய்யறவர் தம்பி. உங்களுக்கு எதுக்குக் காத்து? எல்லாம் பறந்துடும்" என்பார். அதில் நியாயம் இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

வாடிக்கையாளர்களின் பெயர்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வியாதியை வைத்துத்தான் கூப்பிடுவார். தானா அணையறவர், நீலத்திரை வாத்தியார், சத்தம் போடற டாக்டர். நீலத்திரை வாத்தியாருக்குக் குணமாகி ஐந்து வருடம் ஆகிறது. பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ரேம் என்கிற மெமரி ஸ்டிக்கின் தங்க நிறப் பற்களை அதனால் தேய்த்து, ஊதி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, திரும்பச் செருகுவார். பாதிப் பெட்டிகள் அந்த ஒரு தேய்ப்புக்கே பிழைத்துக்கொள்கின்றன.

கடைத்தெருவில் அவருக்கு நாலு சுத்து அக்கா என்று பெயர். மெமரி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பெட்டியின் மெமரி முழுவதிலும் எதையாவது எழுதிவிட்டு, உடனே திரும்பப் படித்து, எழுதினதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும் புரோகிராம் அது. ஒத்துப்போகவில்லை என்றால் திரையில் சிவப்பாக ஒரு கோடு விழும். முழுவதையும் ஒரு தடவை பார்த்து முடித்தால் ஒரு சுற்று. மற்ற கடைகளில் ஒரு சுற்று ஓடினாலே பெட்டியை மூடிக் கொடுத்துவிடுவார்கள். இவரிடம் நாலு சுற்று ஓடாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. பெரிய பெட்டி என்றால் ஒன்றரை நாள்கூட ஆகும். "ஒரு சுத்துல நல்லவனா இருக்கறது பெரிசில்ல" என்பார். முடிந்ததும் தன் கையெழுத்தில் ஒரு தாள் எழுதித் தருவார். அந்தத் தாளுக்கு இங்கே தனி மரியாதை. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

போன மாதம் அந்தத் தாள்தான் ஒருவர் கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

அவர் ஓர் ஆய்வாளர். எவ்வளவு மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எந்தத் தெரு முழுகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற அலுவலகத்தில் வேலை. நாற்பது வயது இருக்கும். பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். நாலு ஸ்டிக், ஒவ்வொன்றும் நாற்பத்தெட்டு ஜிபி, மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. "இவ்வளவு ஞாபகம் எதுக்கும்மா? எனக்குக் காலையில வச்ச சாவியே ஞாபகம் இல்ல" என்றார் அக்கா. ஆய்வாளர் சிரிக்கவில்லை. பெட்டி அணையவில்லை, நிற்கவில்லை, திரை நீலமாகவில்லை. ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டால் இரண்டு விடை வருகிறது. அறுபது வீடு உள்ள ஒரு தெரு ஒரு தடவை முழுகுகிறது, மறு தடவை முழுகாமல் தப்பிக்கிறது. அவ்வளவுதான் குறை.

அக்கா குறை வைக்காமல்தான் பார்த்தார். ஸ்டிக்குகளைத் தனித்தனியாகப் போட்டு ஓட்டினார். இரண்டிரண்டாகப் போட்டு ஓட்டினார். ரப்பரால் தேய்த்தார், இடம் மாற்றிச் செருகினார். கடைசியாக நாலையும் சேர்த்துப் போட்டு நாலு சுற்று. மூன்றரை நாள் அந்தப் பெட்டி வயிறு திறந்து மேசையில் கிடந்தது. ஒரு சிவப்புக் கோடு இல்லை. மெமரி நல்ல நிலையில் இருக்கிறது, பிழை எதுவும் இல்லை என்று தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து ஆய்வாளர் பெட்டி இல்லாமல் வந்தார். கையில் அந்தத் தாளின் நகல் இருந்தது.

"பெட்டி சரியா இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்ப நான்தான் யாருக்காகவோ நம்பரை மாத்திட்டேன்னு ஆபீஸ்ல சொல்றாங்கக்கா. அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை."

"நாலு சுத்தும்மா. ஒரு கோடு விழல."

"தெரியும்க்கா. உங்களைக் குத்தம் சொல்ல வரல. வேலை போனாக்கூட வேற வேலை தேடிக்கலாம். ஆனா இனிமே நான் போடற எந்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாங்க. அதான்."

அக்கா முகத்தை இறுக்கிக்கொண்டு பிரிண்டர் ஒன்றை வேலை இருப்பதுபோல் திருப்பினார். ஆய்வாளர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். ஒரு திருகாணியை மூன்று தடவை கீழே போட்டுத் தேடினார். நாலு மணிக்கு அலமாரிக்கு மேலே தலை தெரிந்தது.

"தம்பி, அந்தம்மா பொய் சொல்ற மாதிரி தெரியல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நம்பரை மாத்தினவங்க முதல்ல பெட்டியத் தூக்கிட்டு நம்மகிட்ட ஏன் வரப்போறாங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். பெட்டி இருக்கிற இடத்திலேயே அதைப் பார்க்கவேண்டும் என்றார். அங்கே அது மேசைக்கு அடியில் ஒரு மர அறைக்குள் இருந்தது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று கதவையும் மூடிவைத்திருந்தார்கள். காலையிலிருந்து உள்ளே வெள்ளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கம்பி ஒன்றைத் தேடித் தொட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, பெட்டியின் பக்கத் தகட்டில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"நம்ம ஃபேன் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு வேர்க்குதேன்னு மேசைக்கு நேரா ஃபேனைப் போட்டுக்கிட்டேன் இல்ல? அங்க பெட்டி திறந்து கிடந்தது. எனக்கு அடிச்ச காத்துல அதுவும் சொகமா இருந்திருக்கு. இங்க பாருங்க, மூச்சு விடக்கூட வழியில்ல. நாலு ஸ்டிக்கும் ஒட்டி ஒட்டி நிக்குது, கீழேருந்து கிராபிக்ஸ் கார்டு சூடு வேற ஏறுது."

விசிறியை என் பக்கம் திருப்ப நான் போட்ட சண்டைகளில் அந்த மூன்றரை நாளில் ஒன்றிலாவது ஜெயித்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது.

எதையும் மாற்றாமல், கதவை முன்பு போலவே மூடச் சொன்னார். வெள்ளக் கணக்கு ஒரு பக்கம் ஓட, அதற்குப் பக்கத்திலேயே, மிச்சமிருந்த மெமரியில், மெமரி டெஸ்டையும் ஓடவிட்டார். நாங்கள் மூன்று பேரும் நாற்காலி போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது மணி நேரமும் இல்லை. ஆய்வாளர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது மணி நேரத்தில், ஸ்டிக்குகளின் சூடு எழுபது டிகிரியைத் தாண்டியபோது, சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எங்கேயோ ஒரு மூலையில் பூஜ்யத்தை எழுதச் சொன்னால் ஒன்று என்று ஞாபகம் வைத்திருக்கிறது அந்தப் பெட்டி. அதுவும் எப்போதாவது ஒருமுறை. முழுதாகப் படுத்திருந்தால் அதன் விடையை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆய்வாளர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அக்கா நேரத்தையும் சூட்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வைத்தியம் சின்னதுதான். ஸ்டிக்குகளின் வேகத்தை இரண்டு படி குறைத்தார். "நாலு பேரையும் ஒண்ணா ஓடச் சொன்னா, கொஞ்சம் மெதுவாத்தான் ஓடச் சொல்லணும்" என்றார். மேலே ஒரு குட்டி விசிறியைப் பொருத்தினார். மரக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பிறகு இரண்டு நாள் டெஸ்ட், அதே பாரத்தோடு. கோடு இல்லை. வெள்ளக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்கள். கடைசி இலக்கம்வரை ஒரே விடை. அறுபது வீட்டுத் தெரு இரண்டு தடவையும் முழுகியது.

இனி எழுதவேண்டியது புதுத் தாள். இங்கேதான் நான் என் அதிமேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"கோளாறு இப்பதான் வந்ததுன்னு எழுதிடுங்கக்கா. பத்து நாள்ல ஒரு பெட்டிக்கு என்ன வேணா ஆகலாம். உங்க பழைய தாளும் தப்பாகாது."

அக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இப்பதான் வந்ததுன்னா, அதுக்கு முன்னாடி அந்தம்மா போட்ட கணக்கு என்ன ஆகும்? அது யாரு பண்ண தப்பு?"

ஆனால் அவர் உடனே எழுதிவிடவில்லை. தாளை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு நாள் போயிற்று. இந்தக் கடைத்தெருவில் பெரிய படிப்புப் படித்த ஆண்கள் ஏழு பேர் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அவருடைய பெயர்ப் பலகை, படிப்பு, எல்லாமே. அவருக்குப் பயமாக இருந்தது. அதை அவரே சொன்னார். அக்காவின் கணவர் டெய்லர். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் அக்கா அவரோடு பேசுவார், கை வேலையை விடாமல் இருக்க.

"நான் வெட்டின துணி எத்தனை கோணலாப் போயிருக்கு? கோணல்னு சொல்லிட்டு வேற தச்சுக் குடுப்பேன்" என்றார் அவர்.

"உங்களுக்குத் துணி. எனக்குப் பேரு."

"அந்தப் பொண்ணுக்கும் அதானே?"

அக்கா போனை வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். விசிறி, வேர்வை, திறந்து கிடந்த பெட்டி எல்லாவற்றையும் எழுதினார். மூன்று பக்கம் வந்தது. எழுத்துப் பிழையை மட்டும் நான் பார்த்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி எங்கே இருந்தது, தான் எப்படிச் சோதித்தோம், எதைப் பார்க்கத் தவறினோம் என்று வரிசையாகச் சொன்னார். விசிறி வந்த இடத்தில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்காவுக்கு அப்போது வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

நடுவில் இருந்த தலைவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் உங்க கையெழுத்துதான். ஒண்ணுல பெட்டி நல்லா இருக்கு, இன்னொண்ணுல நல்லா இல்ல. நாங்க எதை ஃபைல்ல வைக்கறது?"

அக்கா எழுந்து போய் முதல் தாளைக் கையில் எடுத்தார். தன் பேனாவால் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், எழுதவில்லை. திரும்பிப் பார்க்காமலே பக்கவாட்டில் கையை நீட்டினார். ஆய்வாளர் எழுந்து வந்து தன் பேனாவை அந்தக் கையில் வைத்தார். அக்கா தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, நடுவில் தூக்காமல், ஒரே கோடாக அடித்தார். கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். தலைவர் நேராகப் படிக்கும்படி தாளைத் திருப்பி, விரலால் அவர் பக்கம் தள்ளிவைத்தார்.