முன்னால் நிற்பவள்

என் நாத்தனாருக்கு இடுப்பு பெரிது. அண்ணி சொன்னால் பொறாமை என்பார்கள், ஆனால் அவளே சொல்வாள்: "கதவைச் சின்னதா வச்சுட்டு நம்மளைக் குறை சொல்றாங்க அண்ணி." அந்த இடுப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக ஜிம்மில் உடற்பயிற்சி சொல்லித் தந்து பிழைக்கிறாள். அதே ஜிம்மில் வாசல் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவள்தான்.

முதலில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்றுக்கொண்டிருந்தாள். முதுகு வலிக்கு டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மாலை வகுப்பில் கடைசி வரிசையில் சேர்ந்தாள். ஒரு நாள் மாஸ்டர் வரவில்லை. பாட்டு ஓடுகிறது, எல்லோரும் திருதிருவென்று விழிக்கிறார்கள். இவள் போய் முன்னால் நின்றாள். முன் வைத்த காலை அப்புறம் பின் வைக்கவில்லை. பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, கடை வேலையை விட்டாள்.

"முதல்ல நீங்க இளைச்சுக் காட்டுங்க" என்று சிலர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

"நான் இளைக்கச் சொல்லித் தர்றதில்லம்மா. மாடி ஏறினா மூச்சு வாங்காம இருக்கச் சொல்லித் தர்றேன். வாங்க, ரெண்டு பேரும் ஏறிப் பார்ப்போம்."

ஏறிப் பார்த்தவர்கள் அன்றே சேர்ந்தார்கள்.

இந்த வருஷம் முதலாளியின் மாப்பிள்ளை பொறுப்பேற்றார். வந்ததும் சுவருக்குச் சுவர் கண்ணாடி வைத்தார். பாதி நேரம் அதில் அவரேதான் இருப்பார். அப்புறம் விளம்பரத்துக்கென்று டிரெய்னர்களைப் படம் எடுக்கச் சொன்னார். இவள் புது நீல டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

"போட்டோக்காரர் நல்ல மனுஷன் அண்ணி. வயித்தை எக்க வேண்டாம், இயல்பா விடுங்கன்னார்" என்று சந்தோஷமாக வந்து சொன்னாள்.

அடுத்த வாரம் வாசலில் ஆள் உயரப் போர்டு வந்து நின்றது. இடது பக்கம் நீல டி-ஷர்ட்டில் இவள், கீழே 'முன்'. வலது பக்கம் அதே நீலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒல்லி டிரெய்னர், கீழே 'பின்'. இருவருக்கும் கழுத்துக்கு மேல் வெட்டிவிட்டு, 'மூன்றே மாதத்தில்' என்று எழுதியிருந்தார்கள்.

இவள் நேரே மாப்பிள்ளையிடம் போனாள். "அதை எடுத்துடுங்க சார்."

"முகமே தெரியலையே மேடம். விளம்பரம்தானே? பிடிக்கலன்னா விடுங்க, மாலை கிளாஸை அந்தப் பொண்ணு எடுக்கட்டும்."

மாலை வகுப்புதான் அவளுக்குச் சோறு போடுவது. அவள் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, போன் செய்தேன். "பேசாம இருக்கச் சொல்லு" என்றார். பிறந்ததிலிருந்து பேசாமலே இருப்பவர் வேறென்ன சொல்வார்?

"அண்ணி, ஒரு கை பிடிங்க" என்றாள் இவள். குப்பையில் போடத்தான் என்று ஆசையாகப் பிடித்தேன். அவளோ போர்டைப் பயிற்சிக் கூடத்து மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். வகுப்புக்குப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள். மாப்பிள்ளையும் கதவருகே வந்து நின்றார்.

"இது நான்தான்." போர்டின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "கீழ என்ன போட்டிருக்கு?"

"முன்னு" என்றார்கள்.

"ஆமா. சொல்லித் தர்றவ முன்னாலதானே நிக்கணும்? சாரே எழுதிக் குடுத்துட்டார்." ஒல்லிப் பெண்ணைப் பார்த்தாள். "பாப்பா, உனக்கு என்ன போட்டிருக்கு?"

"பின்னு, அக்கா."

"அப்ப பின்னால போய் நில்லு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனாள். போகிற வழியில், "எனக்கு இந்த கிளாஸ் வேண்டாம் சார், நான் கத்துக்கத்தான் போறேன்" என்றாள். முதலில் சிரித்தது இரண்டாம் வரிசையில் நின்ற முதலாளியம்மா, மாப்பிள்ளைக்கு மாமியார். பிறகு கூடமே சிரித்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் பாட்டைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவரே வந்து போர்டை எடுக்கப் பார்த்தார். "இருக்கட்டும் சார்" என்று இவள் குறுக்கே நின்றாள். 'மூன்றே மாதத்தில்' என்ற எழுத்தின் மேல், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தன் முகத்தைப் பெரிதாக்கி ஒட்டினாள். போர்டும் அங்கேதான் இருக்கிறது, மாலை வகுப்பும் அவளிடம்தான் இருக்கிறது. சேர வருகிறவர்கள் என் மேஜைக்கு வந்து, மாஸ்டர் யார் என்று கேட்பார்கள். நான் கூடத்தின் பக்கம் கை காட்டுவேன்.

"முன்னு போட்டிருக்கு பாருங்க. அவங்கதான்."